மூச்சு விட்ட பம்ப்

ஹேதின் அந்த ரொட்டியைக் கடிக்க வாயைத் திறந்தது காலையிலிருந்து இது மூன்றாவது முறை.

"மூடு," என்றாள் சால்வோர்.

"வாயையா, பொட்டலத்தையா சித்தி?"

"ரெண்டையும். அங்க ஒருத்தி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. உனக்குத் தின்ன எப்படித்தான் மனசு வருதோ!"

மனசு எங்கே வந்தது, பசிதான் வந்தது. புகையில் வாட்டிய ஆட்டுக்கறி வைத்த தட்டை ரொட்டி, அம்மா கையால் கட்டிக் கொடுத்தது. ஹேதின் பெருமூச்சோடு காகிதப் பையைச் சுருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். காணாமல் போனதைத் தேடித் தருவதே தொழிலாகக் கொண்ட சித்தியிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து அவன் சூடாக எதையும் தின்றதாகச் சரித்திரமே இல்லை.

கெஃப்லவிக் விமான நிலையச் சரக்குக் கிடங்கின் தகரக் கூரையைக் காற்று பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே, குதிரைப் பெட்டியின் படியில் ஏறி நின்று பெர்க்தோரா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது, மேய்ச்சல் காற்றில் காய்ந்த முகம், இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். பெட்டிக்குள் மூன்று குதிரைகள். கிடங்கின் ஆள் ஒவ்வொன்றின் கழுத்திலும் கருவியை வைத்து, தோலுக்குள் இருக்கும் அடையாளச் சிப்பைப் படித்தான். மூன்று முறையும் எண் சரியாகவே வந்தது.

"இல்ல," என்றாள் பெர்க்தோரா. "இதுல த்ரீவா இல்ல."

அவள் படியிலிருந்து இறங்கிய விதத்தைப் பார்க்க ஹேதினுக்குச் சங்கடமாக இருந்தது.

த்ரீவா அவளுடைய வெண்சாம்பல் பெண்குதிரை. முந்தாநாள் மேய்ச்சல் வெளியில் வேலிக்கம்பி வெட்டப்பட்டுக் கிடந்தது, குதிரையைக் காணோம். அந்த வாரம் குதிரை ஏற்றிக்கொண்டு தீவை விட்டுக் கிளம்பும் விமானம் இது ஒன்றுதான், பெல்ஜியத்துக்கு. வேறு ஊராக இருந்தால், அங்கே போய் மீட்டுக்கொண்டு வரலாம் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஐஸ்லாந்தை விட்டு ஒரு குதிரை போனால் போனதுதான். நோய் வந்துவிடும் என்று திரும்பக் கால் வைக்கவே சட்டம் விடாது. திருடிக்கொண்டு போனார்கள் ஐயா என்று அழுதாலும் சட்டத்தின் காதில் ஏறாது. விமானத்தின் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால், கண்ணெதிரே கிடைத்தாலும் த்ரீவா பெர்க்தோராவுக்கு இல்லை.

"திருப்திதானே?" என்று கேட்டபடி வந்தார் லூத்விக். மூன்று குதிரைகளையும் வெளிநாட்டுக்கு விற்று அனுப்புகிறவர் அவர்தான். ரோஜா நிறக் கன்னம், வாசனைத் தைலம், யாரைப் பார்த்தாலும் ஒரே அளவில் விரியும் சிரிப்பு. "பெர்க்தோரா, நான் தப்பா எடுத்துக்கலம்மா. குதிரை போனா எனக்கும்தான் வயிறு எரியும். வாங்க, சூடா ஒரு காபி குடிங்க."

"பெட்டியில நாலாவது இடம் காலியா இருக்கே?" என்றாள் சால்வோர்.

"தாராளமா நிக்கட்டும்னு விட்டுட்டேன். பாவம், தூரப் பயணம்."

சால்வோர் தலையாட்டினாள். ஐம்பத்தெட்டு வயது, குட்டையான உருவம், அகலமான நடை. எதிராளி சொல்வதை அவள் உடனே நம்புகிறாள் என்றால் ஒரு வரியைக்கூட நம்பவில்லை என்று அர்த்தம். ஹேதினுக்கு அது அத்துப்படி.

கிடங்கின் தலைமை அதிகாரி இங்கிமார் விமானத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "சால்வோர், புயல் வருது. விமானி இப்பவே கத்துறான். நீ கேட்டன்னு குதிரைங்களைப் பாக்க விட்டேன். முடிஞ்சது. இனி நான் ஏத்தணும்."

"ஏத்து, ஏத்து. யாரு வேணாம்னா? ஒரே ஒரு கேள்வி." சால்வோர் அவர் தோளைத் தட்டினாள். இருவரும் தினமும் காலையில் நகர நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிறவர்கள். அந்த உரிமை அது. "இன்னைக்கு உன் உயிரை வாங்கின கஸ்டமர் யாரு?"

"என்னது?"

"பெட்டி விஷயத்துல. இது வேணாம், அது வேணும்னு உன்னைப் பாடாப் படுத்தினவன் ஒருத்தன் இருப்பானே."

இங்கிமாரின் முகம் மலர்ந்தது. பெட்டி என்று வாயெடுத்தால் போதும், மனிதர் பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல ஆரம்பித்துவிடுவார். "நல்ல கேள்வி கேட்ட! ஜனங்களுக்குப் பெட்டி எடுக்கவே தெரியல சால்வோர். இதோ பாரு, மீனு. மீனுக்கு வெள்ளைக் கெட்டிச் சுவர் வச்ச பெட்டி, உள்ளே உலர்பனி. ஒரு ராத்திரி முழுக்கக் குளிர் போகாது. கம்பளிச் சட்டைக்கு? மெல்லிசு அலுமினியம் போதும். அடிப்பக்கம் ஒரு மூலை சீவின மாதிரி இருக்கு பாரு, விமானத்தோட வயித்துல வளைஞ்சு உக்காரும். குதிரைக்கு மேல்தளம். பெட்டி வெளிநாட்டுக்காரன் அவன் ஊர் ஒட்டகமாட்டம் உயரக் குதிரைக்குச் செஞ்சது. நம்ம குட்டைங்க உள்ளே போனா, தலையை நல்லாத் தூக்கினாத்தான் வெளியே தெரியும். அவங்களது மூணு நிக்கிற இடத்துல நம்மளது நாலு நிக்கும்."

"நாலு நெருக்கமா நிக்கிறதுதான் வழக்கம், இல்ல?"

"பின்னே? ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நின்னாத்தான் பயப்படாது. அது தெரியாமலா லூத்விக் இத்தனை வருஷமா ஏத்துறான்? இன்னைக்கு என்னமோ பெருந்தன்மை."

"சரி, உயிரை வாங்கினவன்?"

"அவனா! பம்ப்புக்காரன்!" இங்கிமார் குதிரைப் பெட்டிக்குப் பின்னால் நின்ற உயரமான மரப்பெட்டியைக் காட்டினார். "வெந்நீர்க் கிணத்து பம்ப். ரிப்பேருக்குப் போகுது. இரும்புடா சாமி! ஒரு தட்டையான பலகையில வச்சு, மேலே வலையை இழுத்துக் கட்டினா வேலை முடிஞ்சது, செலவும் பாதி. கேக்கலையே! நாலு பக்கமும் சுவர் வச்ச பெட்டிதான் வேணுமாம். வயித்துல போடக்கூடாதாம், மேல்தளம்தானாம். மேலே வரிசையா ஓட்டை வேணுமாம், ஈரம் கோத்துக்குமாம். உலர்பனி வச்ச மீன் பெட்டி பக்கத்துல வைக்கவே கூடாதாம்."

"ஏன், பனி என்ன பண்ணும்?"

"பம்ப்பை ஒண்ணும் பண்ணாது. அதுலேர்ந்து வர்ற புகை மூச்சை அடைக்கும். உசிரு இருக்கிற எதையும் பக்கத்துல வைக்க மாட்டோம், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு இங்கிமார் பெருமையாகச் சிரித்தார். தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. "இன்னும் கேளு. குதிரைப் பெட்டியை ஒட்டித்தான் வைக்கணுமாம். அங்கதான் ஆட்டம் கம்மியாம்!"

ஹேதின் விரல் விட்டு எண்ணினான். "மூச்சு விடணும். பனின்னா பயம். பக்கத்துல துணை இல்லாமப் படுக்காது. சித்தி, இது பம்ப் இல்ல, என் தங்கச்சி."

சால்வோர் சிரிக்கவில்லை. அவள் கண் பளபளத்தது. "காகிதத்துல எவன் வேணா எதையும் எழுதலாம் ஹேதின். ஆனா பெட்டியை எடுக்கும்போது உள்ளே இருக்கிறதுக்குப் பொருத்தமாத்தான் எடுத்தாகணும். இங்கிமார், யாரோட பம்ப் அது?"

"செல்ஃபோஸ்ல ஒரு பட்டறை. குஸ்தாவ்னு பேரு."

"லூத்விக்கோட மச்சான்," என்றாள் சால்வோர் சாதாரணமாக. "நீ தொட்டியில வாரத்துக்கு ரெண்டு நாள் தூங்கிடுற, அதான் உனக்குத் தெரியல."

பெர்க்தோரா அதற்குள் மரப்பெட்டியின் பலகையில் காதை வைத்துவிட்டாள். "த்ரீவா! ஏய், த்ரீவா!"

உள்ளேயிருந்து சத்தமில்லை.

"ஒரு தடவை கூப்பிட்டாத் திரும்ப மாட்டா," என்றாள் பெர்க்தோரா, அழுகையும் கோபமுமாக. "அவ்வளவு சோம்பேறி. ரொட்டின்னாக்கூட மத்ததெல்லாம் பாஞ்சு வரும், இவ ஆற அமர யோசிச்சுட்டுத்தான் தலையைத் தூக்குவா. எங்கிட்ட இருக்கிற கடைசிப் பெட்டை அவதான் சால்வோர். அவ அம்மா பிரசவத்துல செத்துட்டா. புட்டிப்பால் குடுத்து என் அடுக்களையில வளத்தேன்."

லூத்விக் ஓடிவந்தார். ஓடி வந்தாலும் சிரிப்பு கலையவில்லை. "அடடா, இதென்ன? அடுத்தவங்க சரக்கை நீங்களா உடைச்சா நல்லாவா இருக்கும்? இங்கிமார், முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? குஸ்தாவுக்கு ஒரு போன் போட்டு அனுமதி கேட்டுடுங்க. நானே பேசுறேன். அவன் வேணாம்னு சொல்ல மாட்டான்."

முறை என்ற வார்த்தை இங்கிமாருக்கு வெல்லக்கட்டி. எல்லோரும் கிடங்கின் மறுகோடியில் இருந்த அலுவலக அறைக்கு நடந்தார்கள். போகிற வழியில் லூத்விக்கின் ஓட்டுநர் ஒரு வாளித் தண்ணீரோடு குதிரைப் பெட்டிப் பக்கம் போவதை ஹேதின் பார்த்தான். நல்ல வேலைக்காரன் என்று நினைத்தும் கொண்டான். பின்னால் இதை நினைத்து அவன் தலையில் எத்தனை முறை அடித்துக்கொண்டான் என்பது வேறு கதை.

குஸ்தாவ் உடனே போனை எடுக்கவில்லை. எடுத்ததும் காது கேட்கவில்லை என்றான். காது கேட்டதும் பம்ப்பின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொன்னான். அதற்குள் லூத்விக் எல்லோருக்கும் காபி ஊற்றி, பெர்க்தோராவுக்குச் சர்க்கரையும் போட்டார். கடைசியில் அனுமதி கிடைத்தது. திரும்பி வந்தால், குதிரைப் பெட்டி இருந்த இடம் காலி. விமானத்துக்கு ஏற்ற உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மரப்பெட்டி மட்டும் தனியாக நின்றது.

இங்கிமாரின் ஆள் கடப்பாரையால் முன்பலகையை நெம்பினான். பலகை கழன்று விழுந்தது.

உள்ளே பம்ப் இருந்தது!

மூலையில், ஒரு திருகாணியால் முடுக்கப்பட்டு, துருப்பிடித்த சின்னஞ்சிறு பம்ப். மீதி இடமெல்லாம் வெறும் மரத்தூள்.

பெர்க்தோரா அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பெட்டி கொஞ்சம் பெருசாப் போச்சு போல," என்றார் லூத்விக் இதமாக. "குஸ்தாவ் எப்பவும் அப்படித்தான். எதையும் பெருசாச் செய்வான்."

இங்கிமாரின் கழுத்து சிவந்தது. "சால்வோர், நாளைக்குத் தொட்டியில என் பக்கத்துல உக்காராதே, சொல்லிட்டேன்! முப்பது வருஷ மரியாதை. ஒரு பம்ப்பை உடைச்சு மானத்தை வாங்கிட்டியே!"

ஹேதினுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தோற்ற நேரத்தில் எப்படி ஜோக் அடிப்பதென்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சித்தியைப் பார்த்தான். அவள் எதையும் காதில் வாங்காமல் பெட்டிக்குள் ஏறிப்போனாள். இரண்டு அடி வைத்தாள். நின்றாள். குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தாள்.

"ஹேதின்."

"சித்தி?"

"பம்ப் எப்பலேர்ந்து சாணி போட ஆரம்பிச்சுது?"

ஹேதின் எட்டிப் பார்த்தான். மரத்தூளுக்கு நடுவே, அந்தக் குளிரில், ஆவி பறக்க ஒரு குவியல். சித்தியின் பூட்ஸ் அதற்குள் கணுக்கால்வரை போயிருந்தது.

"சுடச்சுட!" என்று கத்தினான். "காலையிலேர்ந்து இந்தக் கிடங்குல நான் பாத்த முதல் சூடான சாமான் இதுதான்!"

"நாம காபி குடிக்கிற வரைக்கும் அவ இங்கதான் இருந்திருக்கா." சால்வோர் மரப்பெட்டியின் பின்சுவரைத் தள்ளினாள். கீல் தளர்ந்த கதவு மாதிரி அது தொளதொளவென்று திறந்தது. திறந்த வழி நேராகக் குதிரைப் பெட்டி நின்ற இடத்துக்குப் போனது. "வாசல் தாண்டி உள்ளே வர இந்தப் பெட்டி. பறக்கிறதுக்கு அந்தப் பெட்டி. பெர்க்தோரா, எந்திரி! குதிரையை ஒளிக்கக் குதிரைக்கு நடுவுல இருக்கிற காலி இடத்தை விட்டா வேற எது பொருத்தம்? ஏற்கெனவே சோதிச்ச பெட்டியை எவன் மறுபடி சோதிப்பான்?"

பெர்க்தோரா எழுந்தாள் என்று சொல்ல முடியாது, பறந்தாள்.

வெளியே காற்று ஆளைச் சாய்த்தது. மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து அறைந்தது. விமானத்தின் பெரிய பக்கக் கதவு திறந்திருக்க, தூக்கும் மேடையில் குதிரைப் பெட்டி ஏற்கெனவே பாதி உயரம் போயிருந்தது. இங்கிமார் இரண்டு கையையும் வீசிக் கத்தினார். மேடை நின்றது. மேலே விமானி கதவோரம் வந்து, தன் கடிகாரத்தைக் காட்டி ஏதோ திட்டினான்.

"சுத்தப் பைத்தியக்காரத்தனம்!" லூத்விக்கின் சிரிப்பு முதல் முறையாகச் சுருங்கியது. "இங்கிமார், சோதிச்சு முடிஞ்ச பெட்டி அது. கதவைத் திறந்து இந்தக் காத்துல குதிரை மிரண்டு குதிச்சா நீங்கதான் பொறுப்பு. விமானம் இன்னைக்குப் போகலைன்னா அதுக்கும் நீங்கதான் பொறுப்பு. ஒரு தடவை பம்ப்பை உடைச்சது போதாதா?"

இங்கிமார் தயங்கினார். நியாயமான தயக்கம்தான். ஒரு முறை சூடு பட்ட கை அது. பெட்டியின் சுவரோ உயரம். அந்நிய ஊர் நெடுங்குதிரைக்குக் கட்டிய சுவர். உள்ளே மூன்று நிற்கிறதா நாலு நிற்கிறதா என்று கீழேயிருந்து யாருக்குத் தெரியும்? வைக்கோலில் தலையைக் கவிழ்த்திருந்தால் காது நுனிகூடத் தெரியாது.

"கதவைத் திறக்க வேணாம்," என்றாள் சால்வோர். "தலையை எண்ணினாப் போதும். ஹேதின், எடு."

"எதை?"

"உன் சட்டைக்குள்ள இருக்கிறதை."

ஹேதினின் நெஞ்சில் இடி விழுந்தது. "சித்தி, அது அம்மா..."

"எடுடா!"

எடுத்தான். காகிதப் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கசகசவென்று கசக்கினான். இந்தத் தீவில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். காய்ந்த ரொட்டியோடு வேலியோரம் வந்து நிற்கும் மனிதர்களை வைத்துத்தான் இங்கே ஒவ்வொரு குதிரையும் உலகத்தைப் புரிந்துகொள்கிறது.

சுவருக்கு மேலே படக்கென்று ஒரு பழுப்புத் தலை எழுந்தது. அடுத்து ஒரு கறுப்பு. அடுத்து நெற்றியில் வெள்ளைக் கோடு போட்ட செம்பழுப்பு. மூன்றும் காதை விறைத்து ஹேதினையே பார்த்தன.

மூன்று. அவ்வளவுதான்.

ஹேதின் மறுபடி கசக்கினான். மூன்று.

"எண்ணியாச்சா?" என்றார் லூத்விக். அவருடைய சிரிப்பு பழைய அளவுக்கு விரிந்தது. "மேலே தூக்கச் சொல்லுங்க இங்கிமார்."

இங்கிமாரின் கை மேலே போனது.

"பொறு!" பெர்க்தோரா அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். "பொறு, பொறு, இங்கிமார். அவ யோசிக்கிறா. அவளுக்குக் கொஞ்சம் நேரம் குடு. நான் கெஞ்சிக் கேக்கிறேன்." காற்றுக்கு மேலே குரலை உயர்த்தினாள். "த்ரீவா! அடி சோம்பேறி! எத்தனை தடவைடி கூப்பிடணும்?"

மழை அறைந்தது. ஹேதின் இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிப் பையைக் கசக்கினான்.

கறுப்புக்கும் செம்பழுப்புக்கும் நடுவே, அவசரமே இல்லாமல், வாயில் தொங்கும் வைக்கோலை மென்றபடி, ஒரு வெண்சாம்பல் தலை எழுந்து வந்தது. என்ன இத்தனை கூச்சல் என்று கேட்கிற மாதிரி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. பெர்க்தோராவைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்திக் கனைத்தது.

பெர்க்தோரா கனைப்புக்குப் பதில் சொன்னாள். அது எந்த மொழி என்று அங்கிருந்த யாருக்கும் தெரியாது.

"இறக்கு!" என்று இங்கிமார் போட்ட சத்தத்தில் விமானியே ஒரு அடி பின்வாங்கினான்.

லூத்விக்கின் முகத்தில் ஈயாடவில்லை. கார் பக்கம் மெல்ல நழுவப் பார்த்தவரைச் சால்வோரின் அகலமான உருவம் மறித்தது. கருவியைக் கழுத்தில் வைத்ததும் த்ரீவாவின் எண் வந்தது. ஓட்டுநர், கேட்காமலே, எல்லாம் அவர் சொல்லித்தான் செய்தேன் என்று புலம்ப ஆரம்பித்தான். அங்கே பெல்ஜியத்தில் இறக்குகிற ஆளும் தங்கள் ஆள்தான், மறுபடி மரப்பெட்டிக்குள் ஏற்றுவதாக ஏற்பாடு என்றான்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார் லூத்விக். குரலில் தைலமெல்லாம் வடிந்துபோயிருந்தது.

"நீ நல்ல குதிரைக்காரன் லூத்விக். அதுதான் உன் தப்பு," என்றாள் சால்வோர். "வெறும் திருடனா இருந்தா அவளை ஏதோ ஒரு டப்பாவுல தள்ளி, மீனுக்குப் பக்கத்துல போட்டிருப்பான். எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நீ அவளுக்கு மூச்சு முட்டக்கூடாதுன்னு ஓட்டை போட்ட. தனியாப் பயந்துடுவான்னு துணை வச்ச. பறக்கும்போது சாஞ்சு நிக்கத் தோளு குடுத்த. அவ்வளவு பாசம் உள்ளவன் இவளைப் பத்தியும் ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்." அவள் பெர்க்தோராவைக் காட்டினாள். லூத்விக் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மேடை தரையைத் தொட்டது. கதவு திறந்தது. த்ரீவா சரிவுப் பலகையின் உச்சியில் நின்று யோசித்தாள். வழக்கம்போல.

"ஒரு சந்தேகம்," என்றான் ஹேதின் இங்கிமாரிடம். "விமானத்து மேடையில ஏறிட்டாளே. சட்டப்படி இப்ப இவ எந்த ஊர்க் குதிரை?"

இங்கிமார் முறைப்படி யோசித்தார். குனிந்து விமானத்தின் சக்கரத்தைப் பார்த்தார். "சக்கரம் நகரலை. இவ எங்கயும் போகலை," என்றார். அப்புறம் சால்வோரைப் பார்க்காமல், "நாளைக்குத் தொட்டியில என் பக்கத்துலயே உக்காரு," என்றார்.

த்ரீவா இறங்கினாள். நேராகப் பெர்க்தோராவிடம்தான் போவாள் என்று எல்லோரும் வழிவிட்டு நின்றார்கள். அவளோ ஹேதினிடம் வந்து, பையை மோந்து, ரொட்டியைக் காகிதத்தோடு உருவிக்கொண்டாள். கறித்துண்டை மட்டும் அவன் பூட்ஸின் மேல் துப்பினாள். ரொட்டியை மென்றுகொண்டே திரும்பிப்போய், பெர்க்தோராவின் தோளில் தலையைச் சாய்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பெர்க்தோரா இரண்டையும் செய்தாள்.

கொஞ்ச நேரத்தில் விமானம் ஓடி எழும்பியது. அந்த மூன்று குதிரைகளும் முறையாக விற்கப்பட்டவை. அவை போயின, இனித் திரும்பப்போவதில்லை. தலைக்கு மேலே சத்தம் உறுமிக்கொண்டு போனபோது, யாரும் கூப்பிடாமலே, முதல் முறையாக, த்ரீவா தலையைத் தூக்கி மேகத்தைப் பார்த்தாள். சத்தம் முழுக்க அடங்கும்வரை பெர்க்தோரா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த இரண்டு கையையும் எடுக்கவில்லை.

"பசிக்குதாடா?" என்று கேட்டாள் சால்வோர்.

ஹேதின் தன் பூட்ஸின் மேல் கிடந்த கறித்துண்டைப் பார்த்தான். "இல்ல சித்தி," என்றான். ஆச்சரியம் என்னவென்றால், அது உண்மையாகவே இருந்தது.